பூஜ்ஜியம் காட்டும் தொட்டியில் பாசி எதைத் தின்கிறது?

ஹைதராபாத் கச்சிபௌலியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளக் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறாராம். முதலில் பளிச்சென்று இருந்த கற்களில் இப்போது பச்சை முடி முளைத்து விரல் நீளத்துக்கு ஆடுகிறது. டெஸ்ட் கிட்டில் பார்த்தால் நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் பூஜ்ஜியம். “சத்தே இல்லாத தண்ணீரில் இது எதைத் தின்று வளர்கிறது? கடையில் ஒரு புட்டி மருந்து தருகிறார்கள், ஊற்றலாமா?” என்பது அவர் கேள்வி.

புட்டி வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதல் கேள்விதான் ருசியானது. ஹைதராபாத்திலிருந்து கடலுக்கு மிகக் குறுகிய வழியில் போனாலும் முந்நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஆகிவிடும். அங்கே தொட்டியில் இருக்கும் கடல், பாக்கெட் உப்பைக் குழாய்த் தண்ணீரில் கரைத்துச் செய்தது. மீனும் கல்லும் தீனியும் கடையில் வாங்கியவை. ஆகவே அந்தப் பாசியில் உள்ள பாஸ்பரஸ் முழுவதும் வீட்டுக்காரர் கையாலேயே தொட்டிக்குள் போயிருக்கிறது. எப்போது போனது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

தொட்டியில் இருநூறு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாஸ்பேட் இருந்தால் பவளத்தொட்டிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். சாதாரண டெஸ்ட் கிட்டில் அந்த அளவுக்கு நீல நிறம் கண்ணுக்கே தெரியாது. மொத்தத் தொட்டிக்கும் கூட்டினால் அது 6 மில்லிகிராம். இப்போது மீன்களுக்கு ஒரு கிராம் தீனி போடுகிறார். மீன் தீனியில் சுமார் நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ். அதாவது 10 மில்லிகிராம். பாஸ்பேட்டாக எடைபோட்டால் 30 மில்லிகிராமுக்குச் சற்று மேல். மீன் அதில் கொஞ்சத்தைத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும். மிச்சம் கழிவாக வெளியே வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தக் கையிருப்பைப் போல ஐந்து மடங்கு, ஒரு கிராம் தீனியோடு உள்ளே வந்துவிட்டது.

டெஸ்ட் கிட் அளப்பது கையிருப்பை. வருமானத்தை அது அளப்பதில்லை. மாதம் முப்பதாம் தேதி பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் யாருக்கும் சம்பளமே இல்லை என்று யாராவது சொல்வார்களா? இந்த வீட்டில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் தங்கியிருக்கிறார். சம்பளக் கவர் வாசலைத் தாண்டும்போதே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். பர்ஸ் எப்போதும் காலி. மாமா மட்டும் மாதாமாதம் பருத்துக்கொண்டே போகிறார். முடிப்பாசி அந்த மாமாதான். பாஸ்பேட் தண்ணீரில் தலைகாட்டுவதற்குள் உறிஞ்சிக்கொள்கிறது. உடனடித் தேவைக்கு மேல் கிடைத்தால் பிற்பாடு உதவும் என்று செல்லுக்குள் சேமித்தும் வைக்கிறது. வளர்ந்த பாசியும் பூஜ்ஜியம் காட்டும் கிட்டும் ஒரே தொட்டியில் இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. பாசி இருப்பதால்தான் கிட் பூஜ்ஜியம் காட்டுகிறது.

மாமா சிக்கனக்காரரும் கூட. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்த் தாவரங்களில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 106 கார்பன் அணுக்கள் என்ற விகிதம் பள்ளிப் புத்தகம் தாண்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும். கல்லில் ஒட்டி வளரும் கடற்பாசிகளுக்கு அட்கின்சன், ஸ்மித் என்ற இருவர் 1983-ல் கணக்கிட்ட விகிதம் 550-க்கு 1. சுவரும் நாருமாகக் கார்பனை வைத்தே உடம்பைக் கட்டிக்கொள்கிற ஜாதி இது. கார்பன் காற்றிலிருந்து இலவசமாக வருகிறது. அந்த விகிதத்தில் பார்த்தால் ஒரு கிராம் தீனியிலுள்ள பாஸ்பரஸ், தோராயமாக ஐம்பது கிராம் ஈரப் பாசிக்குப் போதும். ஒரு சிட்டிகை போட்டால் ஒரு கைப்பிடி முளைப்பதன் ரகசியம் இது.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த பணமும் உண்டு. தொட்டியிலுள்ள கல் கால்சியம் கார்பனேட். பாஸ்பேட் மிகுந்திருந்த நாட்களில் கல்லின் மேற்பரப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் அளவு குறையும்போது மெல்ல விடுவிக்கும். தீனியைப் பாதியாகக் குறைத்து, தண்ணீரையும் மாற்றிவிட்டு, மறு வாரமே பாசி வாடவில்லையே என்று ஏமாறுகிறவர்கள் இந்தப் பானையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாசி வேர் விட்டிருப்பதே பானையின் மூடிமேல்தான். பானை காலியாக மாதக்கணக்கில் ஆகலாம்.

ஹைதராபாத் வீடுகளில் இன்னொரு வரும்படியும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், காற்றும் வறண்டது. தொட்டி சூடாகக் கூடாதென்று மேலே விசிறி வேறு ஓடும். நாளைக்கு மூன்று லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஆவியாவது வெறும் தண்ணீர். கரைந்திருப்பதெல்லாம் உள்ளேயே தங்கும். குறைந்ததை போர் தண்ணீராலோ டேங்கர் தண்ணீராலோ நிரப்பினால், அதிலுள்ள நைட்ரேட்டும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கும் நைட்ரேட் உச்சவரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அந்த அளவுள்ள தண்ணீரை, நாம் தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்லப்பட்ட தண்ணீரை, மாதம் தொண்ணூறு லிட்டர் ஊற்றினால் தொட்டியில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் ஏறிவிடும். “நான் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன்” என்பார்கள். சமையலறை ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்று ஒரு சிறு திருகு இருக்கிறது. சவ்வைக் கடக்காத பழைய தண்ணீரைக் கொஞ்சம் ருசிக்காகக் கலந்துவிடுவதே அதன் வேலை. கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை முக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தொட்டிக்கு ஊற்றும் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பூஜ்ஜியத்தைக் கொண்டாட வேண்டிய இடம் அதுதான்.

இப்போது புட்டிக்கு வருவோம். ‘ரீஃப் சேஃப்’ (பவளத்துக்குத் தீங்கற்றது) என்ற இரண்டு சொற்களை அதன்மேல் அச்சிட எந்தச் சோதனைக்கூடச் சான்றும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். தாமிரம் கலந்த பாசிக்கொல்லிகள் பாசியோடு நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் கொல்லும். பூஞ்சை நோய்க்கு மனிதர்கள் சாப்பிடும் ஃப்ளூகோனசோல் மாத்திரையை பிரையாப்சிஸ் என்ற இறகுப் பாசிக்குப் போடுகிற வழக்கம் உலகெங்கும் பொழுதுபோக்குக்காரர்களிடம் பரவியிருக்கிறது. அந்தப் பாசி அதற்குச் சாகவும் செய்கிறது என்கிறார்கள். மருத்துவச் சீட்டுக்கு விற்க வேண்டிய மருந்தைத் தொட்டியில் கரைத்துச் சாக்கடையில் விடுவது எப்படிப்பட்ட காரியம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மருந்தடித்தால் மாமா கூடத்திலேயே மயங்கி விழுவார். சட்டைப்பையிலிருந்த காசெல்லாம் தரையில் சிதறும். பொறுக்கிக்கொள்ள அடுத்த உறவினர் வாசலில் நிற்பார். செத்த பாசி அழுகி விடுகிற பாஸ்பேட்டில், கல்மேல் ஊதாச் சிவப்பு நிறச் சளிப்படலம் ஒன்று படர்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது சயனோபாக்டீரியா. அதற்கும் ஒரு புட்டி விற்கிறார்கள்.

மாமாவைப் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்புவதுதான் வழி. அதாவது உயிரோடு இருக்கும்போதே பாசியைப் பிடுங்கி வெளியே எறிவது. பாசியில் சேர்ந்த பாஸ்பரஸ் அதோடு வெளியேறிவிடும். இதில் ஒரு சூட்சுமம். தொட்டிக்குள்ளேயே பிரஷ் வைத்துத் தேய்க்கக் கூடாது. டெர்பீசியா, பிரையாப்சிஸ் போன்ற முடிப்பாசிகளில், கண்ணால் பார்க்கிற அந்த முழு இழையும் குறுக்குச் சுவர்களே இல்லாத ஒரே செல். உள்ளே ஆயிரக்கணக்கில் உட்கருக்கள். பிரையாப்சிஸை நசுக்கி உள்ளிருப்பதைக் கடல்நீரில் பிழிந்துவிட்டால் என்ன ஆகும் என்று தென் கொரிய ஆய்வாளர்கள் பார்த்து 2001-ல் எழுதினார்கள். சவ்வு எதுவும் இல்லாமல் சிதறிக் கிடந்த பசுங்கணிகங்களும் உட்கருக்களும் கடல்நீரில் பத்து இருபது நிமிடம் தாக்குப்பிடித்தன. பிறகு ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, மேலே ஒரு கூழ்ப்படலம் போர்த்திக்கொண்டு, அதற்குள் புதுச் சவ்வு நெய்து, மறுபடி உயிருள்ள செல்களாகி வளர்ந்தன. செல் உடைந்தால் சாவு என்று நாம் படித்ததை இந்தப் பாசி படிக்கவில்லை. தொட்டிக்குள் தேய்ப்பவர் அதற்கு விதை தூவிக் கொடுக்கிறார்.

ஆகவே கல்லை வெளியே எடுங்கள். தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் வைத்து, பழைய பல்துலக்கியால் வேரோடு தேய்த்து, இன்னொரு வாளியில் அலசி, பிறகு திரும்ப வையுங்கள். வாளித் தண்ணீர் பச்சையாகிவிடும். அதைத் தொட்டிக்குத் திருப்பக் கூடாது. எடுக்க முடியாத கல்லென்றால், உறிஞ்சு குழாயின் வாயைப் பாசிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே பிடுங்குங்கள்.

வரலாறு என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பத்தி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி, பாசியை ஒழிப்பதற்குப் பதிலாக அதற்கென்று தனி இடம் கொடுத்துவிட்டார். சொரசொரப்பான வலைத்தட்டின் மேல் தண்ணீரை மெல்லிய படலமாக அலையடிக்க விட்டு, பளீரென்று விளக்குப் போட்டால் பாசி தொட்டியை விட்டுவிட்டு அங்கே செழிக்கும்; அவ்வப்போது தட்டைச் சுரண்டினால் போதும். 1982-ல் காப்புரிமை வாங்கினார். ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் நகரத்தின் பெரிய பவளக் காட்சித்தொட்டி 1987-ல் இந்தத் தட்டுகளோடுதான் திறந்தது. இன்று இதையே பளபளப்பான பெட்டியில் அடைத்துப் புதுக் கண்டுபிடிப்பாக விற்கிறார்கள். வலையும் விளக்கும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

நத்தை விடலாமா என்றால், விடலாம். டர்போ நத்தை, ஓரா மீன், கடல் முள்ளெலி எல்லாம் பாசியை மேய்ந்து கட்டையாக வைத்திருக்கும். மேய்ச்சலின் மகிமை சாதாரணமானதல்ல. 1983-84-ல் கரீபியன் கடலில் டயடிமா என்ற கருமுள்ளெலி ஏதோ நோயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துப்போனது. ஜமைக்காவின் பவளத்திட்டுகளில் 1977-ல் 52 சதவீதமாக இருந்த பவளம் 1993-ல் 3 சதவீதமாகச் சரிந்தது. பாசி 4 சதவீதத்திலிருந்து 92 ஆனது. புயலுக்கும் அளவுமீறிய மீன்பிடிப்புக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் மூடிய தொட்டியில் நத்தை தின்றதில் பெரும்பகுதி கழிவாக அதே தண்ணீருக்குத் திரும்பும். வீட்டுக்குள்ளேயே கைமாற்று.

இந்த வரவுக் கணக்கு ஹைதராபாத்துக்குப் புதிதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் வெட்டிய ஹுசைன் சாகர் ஏரி, குகட்பல்லி, பிக்கெட், பஞ்சாரா, பல்காபூர் என்ற நான்கு நாலாக்கள் (ஓடைகள்) கொண்டுவந்த சாக்கடைச் சத்தில் பல கோடைகளில் பச்சைக் குழம்பாகியிருக்கிறது. ஏரிக்கும் நுண்ணுயிர்க் கரைசல் தெளித்துப் பார்த்தார்கள். நாலாவைத் திருப்பாமல் எதைத் தெளித்தாலும் வரவு வந்துகொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று, வாசகர் கேட்காதது. பாசி பிடித்த கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடலில் உடைத்த புதுப் பவளக்கல் வாங்கிக்கொள்ளச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கல்பவளங்கள் அனைத்தும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிச் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி அள்ளிய காலம் ஒன்று உண்டு. இரண்டு தீவுகள் கடலுக்குள் முழுகியதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. செயற்கைக் கல்லே போதும். இருக்கிற கல்லும் தேய்த்தால் சரியாகும்.

ஆகவே கச்சிபௌலி நண்பரே, புட்டிக்கு வைத்திருந்த காசில் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். தீனியை அளந்து போடுங்கள். உறைந்த தீனியென்றால் உருகிய நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். பாஸ்பேட்டை ஒரே நாளில் துடைத்தெடுக்க இரும்பு ஆக்சைடு மணிகளை அள்ளிக் கொட்டாதீர்கள்; சட்டென்று பட்டினி போட்டால் முதலில் வாடுவது பவளம். பிடுங்கிய பாசியைப் பிழிந்து சமையலறைத் தராசில் நிறுத்து, வாராவாரம் எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் எடை குறையவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். அப்போது ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீனி என்பதையும், வீட்டில் எத்தனை பேர் மீனுக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.