பழைய ஜீப்பை வாங்கி லடாக் போகணுமா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. சம்பளமும் கொஞ்சம் ஏறியிருக்கு. ராத்திரி ஃபோனை நோண்டும்போது ஒரு விளம்பரம் கண்ணுல படுது: மஹிந்திரா எம்எம்540, ஃபோர் பை ஃபோர், 2.5 லட்சம், பேசிக்கலாம். உடனே மனசு, மேல ஒரு டென்ட், பின்னாடி ஒரு டீசல் கேன், எதிர்ல பனிமலைன்னு ஒரு படத்தையே ஓட்டிடும்.

அந்த ஆசையை விட்டுடுங்கன்னு நான் சொல்லப் போறதில்லை. நியாயமான ஆசைதான். ஆனா இந்த விஷயத்துல பணத்தைத் தின்பது ஜீப்போட விலை இல்லை. வேலையை எந்த வரிசையில செய்றோம், எந்தப் பணத்துல செய்றோம் என்பதுதான். அந்த வரிசையைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

இது முதலீடு இல்லை

முதல்லயே ஒண்ணைத் தெளிவா வெச்சுக்குவோம். "பழைய ஜீப் விலை ஏறிட்டே போகுது, வாங்கிப் போட்டா லாபம்"னு யாராவது சொன்னா, விற்கிற விலையை மட்டும் கேக்காதீங்க. அதுக்குள்ள எவ்வளவு செலவு பண்ணாங்கன்னும் கேளுங்க. பட்டறைக்குக் கொடுத்த காசு விற்கும்போது முழுசா திரும்பி வர்றது அபூர்வம். இது கல்யாண ஆல்பம் மாதிரி, டூர் மாதிரி ஒரு செலவு. செலவுன்னு ஒத்துக்கிட்டு செஞ்சா தப்பே இல்லை. முதலீடுன்னு நம்மையே ஏமாத்திக்கிட்டு கடன் வாங்கினாதான் சிக்கல்.

இன்னொரு கேள்வி. உங்களுக்குப் பிடிச்சது பயணமா, இல்லை வண்டி வேலையா? பயணம் மட்டும்தான்னா, ரயில்ல போய் அங்கே டாக்ஸி எடுக்கிறது எவ்வளவோ மலிவு. நட்டு போல்ட் கழட்டுறதும் உங்களுக்குச் சந்தோஷம்னா மட்டும் மேல படிங்க.

வண்டி எப்படிப்பட்டது?

மஹிந்திரா நிறுவனம் 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் கோர்த்து விற்க ஆரம்பித்தது. 1980-களில் வந்த எம்எம்540-ல் இருந்தது பியூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். 2,112 சிசி, 62 குதிரைத்திறன், டர்போ கிடையாது. சென்சார், கம்ப்யூட்டர்னு எதுவும் இல்லாததால விவரம் தெரிஞ்ச மெக்கானிக் சாதாரணப் பட்டறையிலயே பிரிச்சுக் கோர்த்துடுவார். இதுதான் இந்த வண்டியோட பெரிய பலம்.

பலவீனம் என்ன? மலை. கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கு. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். டர்போ இல்லாத இன்ஜினுக்கு சக்தியும் கிட்டத்தட்ட பாதியாகும். உங்க 62 குதிரையில முப்பது சொச்சம் குதிரைதான் மேல ஏறும். அழுத்தம் குறைஞ்சா தண்ணி கொதிக்கிற சூடும் குறையும். அதனால அடைச்ச ரேடியேட்டரும் லூசான ரேடியேட்டர் மூடியும் அங்கேதான் காட்டிக் கொடுக்கும்.

வழியில ஓடையைக் கடந்தா இன்னொரு விஷயம். பழைய ஜீப்புகளில் பெரும்பாலும் டிரம் பிரேக். உள்ளே தண்ணி போனா காயும் வரைக்கும் சரியா பிடிக்காது. ஆக, ஜீப்புக்கு முதல்ல வேண்டியது பெயிண்ட் இல்லை, பிரேக்கும் கூலிங்கும்.

பணம் கொடுப்பதற்கு முன்னாடி பேப்பர்

பரிவாஹன் தளத்துல வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. கடன் பதிவு, சலான், பிளாக்லிஸ்ட் ஏதாவது இருக்கான்னு தெரியும். சேஸிஸ்ல இருக்கிற நம்பரும் ஆர்.சி-ல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் கைகுலுக்கிட்டு வந்துடுங்க. "ஆர்மி ஏல வண்டி, பேப்பர் அப்புறம் ரெடி பண்ணிக்கலாம்"னு சொன்னா, பேப்பர் ரெடி ஆனப்புறம் வர்றேன்னு சொல்லுங்க.

சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி 15 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்கணும். கார், ஜீப் மாதிரி வண்டிகளுக்கு இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிட்டாங்க. புதுப்பிக்காம விட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் 500 ரூபாய் தாமதக் கட்டணம். கிரீன் டாக்ஸ் தனி. "ஆர்.சி முடிஞ்சு நாலு வருஷம்தான் ஆச்சு"ன்னு விற்கிறவர் சாதாரணமா சொன்னா, அதுக்குள்ள 24,000 ரூபாய் ஒளிஞ்சிருக்கு. பேரம் பேசும்போது அதைக் கழிச்சுடுங்க.

"விண்டேஜ்னு பதிவு பண்ணிடலாமே?"ன்னு சிலர் கேட்பாங்க. நாம வாயால சொல்ற விண்டேஜ் வேற, சட்டம் சொல்றது வேற. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. எம்எம்540-க்கு அந்த வயசே ஆகலை. முக்கியமா, விண்டேஜ் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு மாதிரியான காரணங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். லடாக் டூருக்கு அது உதவாது.

வேற இன்ஜின் மாட்டுற யோசனை இருந்தா, ஆர்.டி.ஓ அனுமதியை முன்கூட்டியே வாங்கி ஆர்.சி-யிலும் ஏத்தணும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்லுது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது. டெல்லி வழியா போறதா இருந்தா, பழைய டீசல் வண்டிகளுக்கு அங்கே தனிக் கட்டுப்பாடு இருக்கு. அது அடிக்கடி மாறுது. கிளம்பும் வாரத்துல ஒருமுறை பார்த்துக்கங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

கீழே இருக்கிறது ஒரு உதாரணம்தான். உங்க ஊர், உங்க வண்டியோட நிலைமையைப் பொறுத்து தொகை மாறும்.

- வண்டி: 2,50,000
- பெயர் மாற்றம், புதுப்பித்தல், இன்ஷூரன்ஸ்: 30,000
- பிரேக், ஸ்டீயரிங், டயர், வயரிங், ரேடியேட்டர்: 1,20,000
- இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ்: 1,30,000
- டிங்கரிங், பெயிண்ட், சீட், ஹூட்: 1,00,000
- பயண சாமான்: 50,000

கூட்டினா 6,80,000. பட்டறை வேலை மூணுக்கும் சேர்த்து 3,50,000. பழைய வண்டியைப் பிரிச்சா எஸ்டிமேட்ல இல்லாதது கண்டிப்பா வெளியே வரும். அதனால அந்த மூணுக்கும் 30% கூடுதலா ஒதுக்குங்க. அது 1,05,000. மொத்தம் 7,85,000. அதாவது 2.5 லட்சம் வண்டி, கையில வர்றப்போ கிட்டத்தட்ட 8 லட்சம்.

கடன்ல செஞ்சா?

இவ்வளவு வயசான வண்டிக்குப் பழைய கார் லோன் கிடைப்பது கஷ்டம். அதனால பலர் பர்சனல் லோன் பக்கம் போறாங்க. 5 லட்சம், 14% வட்டி, 5 வருஷம்னு வெச்சுக்குவோம். மாசம் இ.எம்.ஐ சுமார் 11,630 ரூபாய். மொத்தமாக் கட்டுறது 6.98 லட்சம். வட்டி மட்டும் 1.98 லட்சம். மேலே இருக்கிற இன்ஜின் வேலை, 30% கூடுதலோட சேர்த்தே 1.69 லட்சம்தான். வட்டிக்குப் போற காசுல ஒரு இன்ஜின் வேலையே முடிஞ்சுடும்!

இதைவிட மோசமானது இன்னொண்ணு. கடன் பணம் மொத்தமா கையில வந்ததும், வண்டியையும் மொத்தமாப் பிரிச்சுப் போடத் தோணும். பாடி ஒரு பக்கம், இன்ஜின் லேத்துல, வயரிங் மூட்டையில. பாதியில பணம் தீர்ந்துடும். அப்புறம் மெக்கானிக் அடுத்த வண்டியை எடுத்துடுவார். உங்க ஜீப் மழையில நிக்கும், துரு ஏறும். இ.எம்.ஐ மட்டும் ஒண்ணாம் தேதி தவறாம ஓடும். ஓடாத வண்டிக்குக் கட்டுற இ.எம்.ஐ மாதிரி மனசை அரிக்கிறது வேற எதுவும் இல்லை.

வழி இதுதான்: வண்டி எப்பவும் ஓடுற நிலையில இருக்கணும்

ஒரு நேரத்துல ஒரு வேலையை மட்டும் எடுங்க. அதை முடிச்சு, ஓட்டிப் பார்த்து, அடுத்ததுக்குப் பணம் சேர்ந்த பிறகுதான் அடுத்த நட்டைக் கழட்டணும். மாசம் 15,000 ஒதுக்க முடியும்னு வெச்சுக்குவோம்.

1. வண்டியும் பேப்பரும்: 2.8 லட்சம். சுமார் 19 மாசம். இந்த நாட்கள் வீண் இல்லை. நாலஞ்சு வண்டி பார்த்து, மெக்கானிக் கூட பழகி, விலை தெரிஞ்சுக்கிற நேரம் இது.
2. பிரேக், ஸ்டீயரிங், டயர், கூலிங்: கூடுதலோட 1.56 லட்சம். இன்னும் 10, 11 மாசம்.
3. இன்ஜின், கியர் பாக்ஸ்: 1.69 லட்சம். 11 மாசம் சொச்சம்.
4. பாடி, பெயிண்ட்: 1.3 லட்சம். 9 மாசம்.
5. பயண சாமான்: 50,000. 3, 4 மாசம்.

மொத்தம் நாலு வருஷத்துக்கும் மேல. நீளமா தெரியும். ஆனா ரெண்டாவது கட்டம் முடிஞ்சப்பவே, அதாவது ரெண்டரை வருஷத்துல, பயமில்லாம ஓட்டக்கூடிய ஜீப் உங்ககிட்ட இருக்கும். கலர் மங்கி, சீட் கிழிஞ்சிருக்கலாம். பரவாயில்லை. சனி ஞாயிறுல கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையோட 40 வளைவுன்னு போய்ட்டு வாங்க. ஏறும்போது கூலிங் எப்படி, இறங்கும்போது பிரேக் எப்படின்னு அங்கேயே தெரிஞ்சுடும். வீட்டுக்குப் பக்கத்துல நின்னா இழுத்துட்டு வரலாம். லே பக்கத்துல நின்னா செலவே வேற.

இதையெல்லாம் தொடங்கும் முன் ரெண்டு நிபந்தனை. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கணும். ஓடிட்டு இருக்கிற எஸ்.ஐ.பி-யை நிறுத்தக்கூடாது. ஜீப்புக்கான 15,000 இதுக்கெல்லாம் அப்புறம் மிஞ்சுற பணத்துல இருந்துதான். மிஞ்சுறது 8,000-தான்னா 8,000 போடுங்க. நாள் கூடும், அவ்வளவுதான்.

சாமான் ஆசை

வீடியோல பார்க்கிற கூரை டென்ட், ஃபிரிட்ஜ், வின்ச் எல்லாம் பணம் மட்டும் இல்லை, எடையும்கூட. 40 லிட்டர் தண்ணி 40 கிலோ, 40 லிட்டர் டீசல் சுமார் 34 கிலோ. கூரை டென்ட் ஐம்பது அறுபது கிலோவுக்குக் குறையாது. பாதி சக்தியில மலை ஏறப்போற இன்ஜினுக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். வாங்காத சாமான்ல காசும் மிச்சம், டீசலும் மிச்சம். தரையில போடுற சாதா டென்ட் போதும். மிச்சக் காசுல ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் பிளேட், வீல் பேரிங், பிரேக் ஆயில் வாங்கி வைங்க. ராத்திரி நடுவழியில உங்களைக் காப்பாத்தப் போறது இதுதான்.

யாரும் சொல்லாத ரெண்டு செலவு

ஒண்ணு, இன்ஷூரன்ஸ். 5 வருஷம் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். நீங்க 8 லட்சம் செலவு பண்ணியிருந்தாலும் பாலிசியில 2 லட்சம்னு இருந்தா, அந்த மதிப்புக்கு மேல கிடைக்காது. அதனால ஒவ்வொரு பில்லையும் ஃபோட்டோவையும் பத்திரமா வைங்க. புதுப்பிக்கும்போது காட்டி மதிப்பை உயர்த்தச் சொல்லிக் கேளுங்க.

ரெண்டாவது, லீவு. சென்னையிலிருந்து லடாக் போய்வர, சுத்துறதையும் சேர்த்து 7,000 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். இந்த ஜீப்ல நாளைக்கு 300 கிலோமீட்டர்தான் நிதானமான கணக்கு. அப்போ 23, 24 நாள். லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய்னா எரிபொருள் மட்டும் 64,400. பணத்தைச் சேர்த்துடலாம், ஆனா 24 நாள் லீவை மேனேஜர்கிட்ட வாங்கணுமே! சம்பளமில்லா லீவுன்னா அதையும் பட்ஜெட்ல எழுதுங்க.

இன்னைக்கே செய்யக்கூடியது

பேங்க் ஆப்பைத் திறந்து ஒரு ஆர்.டி போடுங்க. அதுக்கு "ஜீப்"னே பேர் வைங்க. ஆறு மாசம் ஒரு தவணையும் தவறாமக் கட்ட முடிஞ்சா, இந்த ஆசை உங்க சம்பளத்துக்குள்ள அடங்குதுன்னு அர்த்தம். கட்ட முடியலைன்னா, ஒரு நட்டுகூட கழட்டாம, ஒரு ரூபாய்கூட நஷ்டப்படாம அதைத் தெரிஞ்சுக்கிட்டீங்க. ரெண்டுமே உங்களுக்கு லாபம்தான்.

நீங்க பழைய வண்டி ஏதாவது எடுத்து வேலை பார்த்திருந்தா, எஸ்டிமேட் எவ்வளவு, கடைசியில ஆனது எவ்வளவுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்து வாங்கப் போறவங்களுக்கு அந்த ரெண்டு நம்பரும் ரொம்ப உதவும்.