கோவலன் நாடகம்

கோவலன் நாடகம் என்பது கோவலன், கண்ணகி கதையை வைத்துச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய இசை நாடகம். மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இவருடைய நாடகங்கள் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற பெயரில் விடிய விடிய நடைபெறுகின்றன. நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தமாகி வருவர், ஒத்திகை கிடையாது. பாடல்கள் மனப்பாடம், தர்க்கம் அன்றைய மேடையில் பிறப்பது.

இக்கதையை மீண்டும் மேடையேற்றுவோருக்கு ஒரு சிக்கல் உண்டு. கோவலன் குற்றமற்றவன் என்பது பார்வையாளர் எல்லாருக்கும் தெரியும். 2024இல் பிராட்வேயில் மறுபடி மேடையேறிய ஜான் பேட்ரிக் ஷான்லியின் ‘டவுட்’ (2004) நாடகத்தில், பாதிரியார் குற்றவாளியா என்பது கடைசிவரை தெரிவதில்லை. அந்த ஐயத்துக்குக் கோவலன் கதையில் இடமில்லை. இங்கே பார்க்க வேண்டியது, யார் ஐயப்பட்டார், யார் படவில்லை என்பதையே.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இதற்கு வழிகாட்டும். கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். உண்மையில் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனோ, களவு நூலே கற்றவன்போல் கள்வரின் தந்திரங்களை அடுக்குகிறான். கடைசியில் கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அரசனுக்கு ஐயமே எழவில்லை. ஊடிய தேவியிடம் செல்லும் அவசரத்தில் விசாரணையின்றி ஆணையிட்டவன் அவன். பொற்கொல்லனை வெறும் வில்லனாக்கும் மேடையேற்றத்தில் பழி முழுதும் அவன்மேல் விழுந்து, அரசன் எளிதாகத் தப்பிவிடுவான்.

சிலம்பினுள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்ற ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அது அவையில் எழுந்தபோது கோவலன் உயிரோடு இல்லை.