விரல் போயினும் உரிமை போகலாகாது

நிட்டிங், சாயப்பட்டறை, காலண்டர், கட்டிங், பவர் டேபிள், அயர்னிங் எனப் பல கைகள் மாறியே ஒரு பனியன் பெட்டிக்குள் சேர்கிறது. அக்கைகளுள் சில வழியிலேயே காயமுறுகின்றன. கட்டிங் கத்தியில் விரல் துண்டாகிறது. ஊசி நகத்தை ஊடுருவுகிறது. உருளைகளுக்கிடையே கை சிக்குகிறது. திருப்பூரில் வாழும் நமக்கு இவை கேட்டறியாத செய்திகள் அல்ல.

அவ்வேளையில் மேஸ்திரி உடனே தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று செலவையும் ஏற்றுக்கொள்ளலாம். அது நன்றே. ஆயின், 'வீட்டில் அடிபட்டதாகச் சொல்' என்று காதோடு ஒரு சொல் சொல்லப்படுமானால், உரிமையின் வேர் அங்கேயே அறுபடுகிறது. பிற்பாடு எழும் வழக்கில் முதலில் புரட்டிப் பார்க்கப்படுவது மருத்துவமனையின் முதற்பதிவே. ஆகவே, எந்தக் கம்பெனியில், எந்த எந்திரத்தில், எத்தனை மணிக்கு அடிபட்டது என்ற உண்மையை மருத்துவரிடம் அன்றே கூறி எழுதச் செய்தல் வேண்டும்.

1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் தொழிலாளிக்கு அளித்த பாதுகாப்புகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம் பெற்றுள்ளன. பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தொழிற்சாலையில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இ.எஸ்.ஐ.க்குரியோர். வேலையில் காயமுற்று ஓய்விலிருக்கும் நாட்களுக்கு அவர்கள் ஊதியத்தில் 90 விழுக்காடு பெறலாம். இதற்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை. முதலாளி பதிவு செய்யத் தவறியமையால் தொழிலாளியின் உரிமை அற்றுப்போவதும் இல்லை.

இ.எஸ்.ஐ. இல்லாத சிறு ஜாப் ஒர்க் பட்டறையாயின், இழப்பீடு தரும் கடமை முதலாளியைச் சார்ந்தது. இழப்பின் அளவைச் சட்டமே வரையறுத்துள்ளது. கட்டைவிரலை இழந்தால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 விழுக்காடு உழைப்புத் திறன் இழந்ததாகக் கணக்கு. எலும்பு போகாமல் அதன் நுனி மட்டும் துண்டானாலும் 5 விழுக்காடு உண்டு. ஆகவே ஆயிரம் இரண்டாயிரத்தோடு பேசி முடித்தல் அறியாமையே.

இனிச் செய்யத்தக்கவை யாவை? விபத்தை உடனே முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து, நகலில் கையொப்பம் பெறுக. மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புக. கம்பெனியின் விபத்துப் புத்தகத்தில் பதியச் சொல்லுக. உடனிருந்து கண்டவர் பெயரும் முகவரியும் குறித்துக்கொள்க. அவர் அடுத்த மாதமே வேறு கம்பெனிக்கோ பீகாருக்கோ போய்விடக்கூடும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே அனைத்தையும் ஓர் உறையில் இட்டு வைத்திடுக. வெற்றுத்தாளில் கையொப்பமோ கைநாட்டோ இடவே வேண்டாம். இழப்பீட்டுரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது. எனினும், அதை எதிர்த்து வாதிடும் தொல்லை நமக்கெதற்கு?

இழப்பீட்டு மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தல் வேண்டும். காயம் ஆறட்டும் என்று காத்திருப்போர் இதனை மறவாதிருக்க. உயிரிழப்பு நேர்ந்தாலோ, முதலாளி தரவேண்டிய இழப்பீட்டைக் குடும்பத்தார் கையில் அன்று, உரிய அதிகாரியிடமே செலுத்த வேண்டும். வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கவும் தேவையில்லை. பெண்களும் ஆலைத் தொழிலாளரும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம். தொலைபேசி எண் 15100.

உரிமையைக் கேட்பது நன்றி மறப்பது ஆகுமோ எனச் சிலர் தயங்குகின்றனர். ஆகாது. வேலையில் விபத்துற்றோருக்கு மருத்துவ உதவி எளிதில் கிடைத்தல் வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் வலியுறுத்தினார். அடுத்த அறையில் குடியிருக்கும் ஒடிசாத் தொழிலாளி தமிழ் படிக்க அறியார். அவருக்கும் இச்செய்தியை நாம் எடுத்துரைப்போமாக.