பயிர்க்காவல் துப்பாக்கியின் கோளாறுகளும் இராக்காவல் ஆயத்தமும்

மேற்கு மலையடிவாரத்துக் குடியானவர்களுக்கு அடிக்கடி நஷ்டம் விளைவிக்கும் பிராணி காட்டுப்பன்றி. சோழபுரம், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கங்களில் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் போதும் நிலக்கடலை காய் முற்றும் போதும், பன்றிக் கூட்டம் ஒன்று ஒரே இரவில் மூன்று மாத உழைப்பைப் பாழாக்கிவிடும்.

முற்காலத்தில் இராஜபாளையம் நாய்களையும் நாட்டுத் துப்பாக்கியையும் கொண்டு பன்றி வேட்டைக்குப் புறப்படுவது வழக்கம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவ்வேட்டை இன்று கூடாது. ஆயினும், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்க்காவலுக்கென லைசென்ஸ் பெற்று வைத்திருக்க 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு வைத்திருப்பது வீட்டு மூலையில் கவனிப்பாரற்றுக் கிடந்து, வேண்டும்போது வெடிக்காமலும், வேண்டாதபோது வெடித்தும் உயிருக்கு உலை வைப்பதுண்டு.

வெடியாமையின் காரணங்கள்

குதிரை விழுந்தும் கேப்பு வெடிக்கவில்லையெனில், கேப்பு ஈரப்பட்டிருக்கலாம். முளையில் சரியாகப் பொருந்தாதிருக்கலாம். அல்லது குதிரையின் வில் தளர்ந்திருக்கலாம். கேப்பில் விழுந்த தழும்பு ஆழமின்றி இருப்பின் வில்லின் குற்றமென்று கொள்க. கேப்பு வெடித்தும் மருந்து பற்றவில்லையெனில், முளையின் துவாரம் கரியால் அடைபட்டிருக்கும். அல்லது மருந்து நமத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் இது சாதாரணம்.

இவ்விரண்டினும் அபாயமானது மருந்து தாமதித்து வெடித்தல். ஆகையால் வெடிக்காத துப்பாக்கியை உடனே திருப்பிப் பார்த்தலும், வாயில் ஊதுதலும் ஒருபோதும் கூடாது. ஆளில்லாத திசையில் மண்மேட்டை நோக்கிக் குறைந்தது ஒரு நிமிஷம் பிடித்திருந்து, பின்னரே கேப்பை நீக்க வேண்டும்.

மற்றொரு கேடு இரட்டைக் கெட்டிப்பு. முன் கெட்டித்ததை மறந்து, அதன்மேல் மறுபடியும் மருந்திட்டால் குழல் வெடித்துச் சிதறும். வெறுங்குழலில் கெட்டிக்கும் கோல் எவ்வளவு இறங்குமோ அவ்விடத்தில் கோலில் ஒரு கோடு கீறிவைத்தால், குழல் காலியா என்பது உடனே தெரியும். மருந்துக்கும் இரவைக்கும் இடையே வெற்றிடம் நின்றாலும் இதே அபாயம் நேரும்.

சுத்தம் செய்யும் முறை

கரிமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே உபயோகித்த அன்றே, குழல் காலியென்று உறுதி செய்தபின், வெந்நீர் விட்டுத் துணியால் பலமுறை துடைத்து, நன்கு உலர்த்தி, மெல்லிய மெஷின் எண்ணெய் தடவுக. மறுமுறை கெட்டிக்குமுன் அவ்வெண்ணெயை முற்றிலும் துடைத்தல் அவசியம். எண்ணெயும் மருந்தைக் கெடுக்கும். தளர்ந்த வில், விரிசல் விட்ட குழல் ஆகியவற்றை லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ரிப்பேர்காரரிடமே கொடுக்க வேண்டும். ஊர்க் கொல்லன் உலையில் பற்றவைத்த குழலை நம்பலாகாது. துப்பாக்கியும் மருந்தும் வெவ்வேறிடங்களில், பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

இராக்காவலுக்குப் புறப்படுமுன்

இக்காவலின் நோக்கம் பன்றியைக் கொல்வதன்று, விரட்டுவதே. துப்பாக்கியை லைசென்ஸின் நிபந்தனை இடங்கொடுத்தால் மட்டும், இரவையின்றிச் சத்தத்துக்காக உபயோகிக்கலாம். இருட்டில் அசைவதெல்லாம் பன்றியன்று. அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவராகவும் இருக்கலாம். பக்கத்து நிலத்தாரிடம் முன்னதாகச் சொல்லிவைத்து, இருவராகப் பரணில் அமர்ந்து, டார்ச் விளக்கும் தகரமும் கைவசம் வைத்துக்கொள்வது நலம். பன்றி ஓடும் வழியை மறிக்கலாகாது. ஒதுக்குப்பட்ட பன்றி ஆளைக் கிழித்துவிடும். நாயைக் கட்டிவைக்க வேண்டும். சரணாலய எல்லைக்குள் அனுமதியின்றி ஆயுதம் கொண்டு செல்வது குற்றம். ஸ்ரீவில்லிபுத்தூர் காடு 1988-ல் சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயமாகி, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று.

அவுட்டுக்காயும் மின்சாரக் கம்பியும் சட்ட விரோதம். இவற்றால் பன்றியைவிட நாயும், மாடும், சிலவேளை வைத்தவரே மாண்டுபோகின்றனர்.

சர்க்கார் உத்தரவு

1925-களின் வேட்டைக்காரருக்கிருந்த உரிமை குடியானவருக்கு இன்றில்லை. ஆனால் பரிகாரம் உண்டு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த உத்தரவின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடுதல் இல்லை. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3-க்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். தம் நிலம் எவ்வெல்லையில் உள்ளதென்பதை ஒவ்வொருவரும் வன ரேஞ்ச் ஆபீஸில் கேட்டறிந்து, சேதம் நேர்ந்தவுடன் மனுக் கொடுக்க வேண்டும். விதைக்கும்போதே மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கும், நிலக்கடலையைச் சுற்றி முள்ளுள்ள குசும்பாவும் நான்கு வரிசை நடுதல் பல இராக்காவல்களை மிச்சப்படுத்தும்.