நரம்பிழந்த தசையும் நீரிழிவும்

பனையிலிருந்து தவறி விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டு, இரு கால்களும் செயலிழந்த ஓர் உழவருக்குச் சில ஆண்டுகள் கழித்து நீரிழிவு கண்டது. காலில் ஏற்பட்ட புண் மூன்று மாதம் ஆறாதிருந்த பின்னரே அது வெளிப்பட்டது. “இனிப்பை நாடாதவர், குடும்பத்திலும் எவருக்கும் இந்நோய் இல்லை, எங்ஙனம் வந்தது?” என்று பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் வினவினார். விடையில் ஒரு பகுதி அவருடைய கால்களிலேயே இருக்கிறது.

நாம் உண்ணும் சோறும் களியும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலினின் ஏவலால் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் சர்க்கரையில் பெரும்பங்கு தசைகளுக்கே செல்கிறது. இரத்தத்தைக் கால்வாய் என்றும், தசையை வயல் என்றும் கொள்வோம். வயலின் வாய்மடை ‘குளுட்-4’ என்னும் புரதம். அது தசையின் உயிரணுவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலினின் ஏவல் கிடைத்ததும் மேற்புறம் வந்து சர்க்கரையை உள்ளே விடும்.

நரம்பு அறுந்த தசை நாளடைவில் சூம்பிப் போவதை யாவரும் கண்டிருப்போம். அவ்வாறு சூம்புவதற்கு முன்னரே அது இன்சுலினின் சொல்லுக்கு இணங்க மறுக்கிறது. எலியின் உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பை அறுத்து ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகளான பியூஸ் தம்பதியர் இதனை 1959-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எலியின் காலில் நரம்பை அறுத்த ஓரிரு நாட்களிலேயே இக்குறை தோன்றுவதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. இன்சுலின் தசையை வந்தடைவதில் பெருங்குறை இல்லை. ஏவல் உட்சென்று நிறைவேறுவதில்தான் தடை. நாள் செல்லச் செல்ல, குளுட்-4 உண்டாவதே குறைந்துவிடுகிறது. மடையே இல்லாத வயலுக்கு எவ்வளவு நீர் விட்டென்ன?

முதுகுத் தண்டு முறிந்தவர்களுக்குத் தசையை ஒட்டிய நரம்பு அறுபடாமலும் இருக்கலாம். ஆயினும் மூளையின் கட்டளை வாராமையால் தசை வாளா கிடக்கிறது, மெலிகிறது, கொழுப்பு மிகுகிறது. ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரந்து, சிலருக்குக் களைத்துவிடுகிறது.

ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. உழைக்கும் தசை, இன்சுலினின் ஏவலின்றியே தன் மடையைத் திறந்துகொள்ளும். ஆகவே கால் இழந்தவரின் கைகளுக்கு வேலை வேண்டும். சக்கர நாற்காலியைத் தாமே உருட்டுதல், அமர்ந்தபடி எடை தூக்குதல் ஆகியவை மருத்துவரின் யோசனைப்படி நன்மை தரும். எண்ணெயிட்டு நீவுவது இதமளிக்கலாம். தசை தானே சுருங்குவதற்கு அது ஈடாகாது. படுத்திருப்பவர்மீது இரக்கங்கொண்டு சோற்றை மிகுதியாகப் படைப்பதும் நம் வீடுகளில் வழக்கம். அது அவருக்குச் செய்யும் உதவியன்று.

2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிலேயே சர்க்கரை நோய் மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்க வழி செய்யப்பட்டது. தம் வார்டில் நடமாட இயலாதோர் யார் யார் என்பதை அங்கத்தினர்கள் கிராம சுகாதார செவிலியருக்கு எழுதிக் கொடுக்கலாம். உணர்ச்சியற்ற காலில் முள் தைத்தாலும் தெரியாது. புண் வரும்வரை காத்திராமல் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.