சதவீதம் வேறு, கிரேடு வேறு

கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சதவீதம் என்ற சொல் கணக்குப் பாடத்துக்கு முன்பே தெரியும். வேலையில் கை, கால் போனால் எவ்வளவு நஷ்டஈடு என்பதைத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை சொல்லிவிடும். 1970-களில் என் சித்தப்பாவுக்குச் சுரங்கத்தில் வலது கட்டைவிரல் போயிற்று. அட்டவணைப்படி 30 சதவீதம். "துளை போடுகிற மெஷினைப் பிடிக்க முடியாதவர் மீதி எழுபதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?" என்று சித்தி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

இத்தனை வருடம் கழித்து இது நினைவுக்கு வரக் காரணம் என் பேரன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நடந்த குதிரையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஒருத்தருக்குக் கை வராது, இன்னொருத்தருக்கு உடம்பு ஆடுது. யாரை யாரோட சேர்க்கணும்னு எப்படி முடிவு பண்றாங்க?" என்றான். எனக்குக் குதிரை என்றால் ராபர்ட்சன்பேட்டை ஜட்கா வண்டிதான். அதற்காகப் பேரனிடம் தெரியாது என்று சொல்ல முடியுமா? தேடிப் படித்தேன்.

போட்டியின் பெயர் டிரெஸ்ஸாஜ். தாண்டுவதோ முந்துவதோ இல்லை. செவ்வகக் களத்தில் வரிசையாக நட்ட எழுத்துப் பலகைகளுக்கு இடையே, சொன்ன இடத்தில் சொன்ன நடையில் குதிரையைச் செலுத்த வேண்டும். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் 1944-இல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். பிறர் தூக்கி ஏற்றிவிட்டால்தான் சேணத்தில் உட்காரலாம். அப்படியே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். 1956-இல் மறுபடியும் வெள்ளி. அப்போது ஊனமுற்றோருக்கென்று தனி வகுப்பே கிடையாது.

இன்றைக்கு ஐந்து கிரேடுகள் உண்டு. நம் வழக்கத்துக்குத் தலைகீழாக, கிரேடு 1-தான் உடல் பாதிப்பு மிக அதிகமானவர்களுக்கு. அவர்கள் குதிரையை நடக்க மட்டும் விடுவார்கள். கிரேடு 2, 3-இல் நடையோடு துள்ளு நடையும் சேரும். கிரேடு 4-இல் பாய்ச்சல் நடை. கிரேடு 5-இல் பக்கவாட்டில் நகர்த்துவதும் உண்டு. பார்வை அறவே இல்லாதவர் 4-இலும், ஓரளவு தெரிகிறவர் 5-இலும் வருவார்கள்.

கிரேடை முடிவு செய்பவர்கள் அதற்கென்று பயிற்சி பெற்ற டாக்டர்களும் பிசியோதெரபிஸ்டுகளும். முதலில் குதிரை இல்லாமலே பரிசோதனை. கை, கால், உடற்பகுதி ஒவ்வொன்றிலும் தசை பலம் எவ்வளவு, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, அசைவு கட்டுக்குள் இருக்கிறதா என்று அளக்கிறார்கள். பிறகு குதிரை மேலும் கவனிக்கிறார்கள். வியாதியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் கிரேடு வேறாகலாம். பெயர் வேறாக இருந்தும் ஒரே கிரேடில் சந்திக்கலாம். பேரன் பார்த்தது அதைத்தான்.

ரயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. எங்களுக்கும் ஏ-1 முதல் சி-2 வரை மருத்துவ வகைகள் உண்டு. வண்டி ஓட்டுபவருக்கு ஏ-1 வேண்டும். பார்வை குறைந்தால் அவரை வேறு வேலைக்கு மாற்றுவார்கள். இந்த ஆளுக்கு இந்த வேலை ஆகுமா என்பதுதான் அங்கே கேள்வி.

எங்கள் லைனில் இருந்த நண்பர் ஒருவரின் பேத்திக்குப் பெருமூளை வாதம். பெங்களூரில் குதிரை ஏறப் பழகுகிறாள். 40 சதவீதம் இருந்தால்தான் அரசுச் சலுகை என்பதால், சான்றிதழில் 75 என்று போட்டதும் வீட்டில் நிம்மதி. "இதைக் காட்டினால் கிரேடு கொடுப்பார்களா?" என்று அவள் அம்மா கேட்டார். கொடுக்கமாட்டார்கள், அம்மா. மருத்துவக் காகிதங்கள் வேண்டும்தான்; ஆனால் குழந்தையின் முதுகு நிமிர்ந்து நிற்கிறதா, கை சொன்னபடி கேட்கிறதா என்று அவர்களே பார்ப்பார்கள். நாளைக்கு நிலைமை மாறினால் திரும்பவும் பார்ப்பார்கள்.

கிரேடு கிடைத்தபின், எந்தெந்த உதவிச் சாதனம் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் எழுதித் தருகிறார்கள். பிடிக்க வளையம் வைத்த லகான் அதில் ஒன்று. கைகளே இல்லாமல் பிறந்த ஜெர்மனியின் பெட்டினா ஐஸ்டெல், காலாலும் வாயாலும் லகானைப் பிடித்து 2004 ஏதென்ஸில் பதக்கம் பெற்றார். வளையத்தைப் பற்றிப் படித்தபோது எழுந்து கொஞ்சம் உலாவிவிட்டு வந்தேன். கட்டைவிரல் போனபின் சித்தப்பா ராபர்ட்சன்பேட்டைக்கும் ஆண்டர்சன்பேட்டைக்கும் இடையே ஜட்கா ஓட்டினார். லகானில் தோல் வளையம் ஒன்று தைத்து, நாலு விரலை அதில் மாட்டிக்கொள்வார். அவருக்கு யாரும் எழுதித் தரவில்லை.

வகைப்படுத்துவதில் சண்டையும் உண்டு. 2021-இல் டோக்கியோவில் இந்திய வட்டெறி வீரர் ஒருவர் வெண்கலம் வென்றார். அவர் அந்த வகுப்பில் சேரமாட்டார் என்று மறுநாள் தீர்ப்பாகிப் பதக்கம் போய்விட்டது. பாதிப்பை வேண்டுமென்றே கூட்டிக் காட்டியது நிரூபணமானால் தடையே விதிப்பார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேரன், "குதிரைக்கும் கிரேடு உண்டா?" என்றான். இல்லை. போட்டிக்கு முன் கால்நடை மருத்துவர் அதை ஓடவிட்டுப் பார்ப்பார். நொண்டினால் உள்ளே விடமாட்டார்கள்.