ஒரு மார்க் ஜரிகையின் வயது

காஞ்சிபுரத்தில் ஜரிகையை மார்க் கணக்கில் வாங்குவார்கள். ஒரு மார்க் 242 கிராம். கூட்டுறவுச் சங்கச் சேலைகளுக்கான ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு இழை 24, தங்கம் 0.5. எடையாகப் பார்த்தால் வெள்ளி 96.8 கிராம், செம்பு 85.9, பட்டு 58.1, தங்கம் 1.21. ஒரு சவரனில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் தங்கம்தான் முந்தானைக்கு மினுமினுப்பைத் தருகிறது.

அந்த 1.21 கிராமுக்கு எவ்வளவு பாறை உடைபட வேண்டும்? கோலார் தங்கவயலில் 1880 முதல் 2001 வரை சுமார் 5 கோடியே 10 லட்சம் டன் தாது தோண்டி 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். சராசரி, டன்னுக்குச் சுமார் 16 கிராம். அந்தக் கணக்கில் ஒரு மார்க்குக்கு 76 கிலோ பாறை. டன்னுக்கு 3 கிராம்தான் கிடைக்கிறது என்றால் 403 கிலோ. கோலாரில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், பலர் வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள். இன்றைய ஜரிகையில் இருப்பது கோலார்த் தங்கம்தானா என்று சொல்ல முடியாது. தங்கம் உருகிக் கலந்துவிட்டால் அதன் ஊர் அடையாளம் அழிந்துவிடும்.

வயதும் அப்படித்தான். தங்கத்துக்குள் கடிகாரம் கிடையாது. இயற்கையில் கிடைக்கும் தங்கம் முழுவதும் ஒரே வகை அணு, நிறை எண் 197, அது சிதைவதில்லை. அதன் வயதை அக்கம்பக்கத்திடம்தான் கேட்க வேண்டும். பூமிக்கு அடியில் 300 டிகிரிக்கும் மேல் சூடேறிய நீர், கந்தகத்தோடு சேர்த்துத் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு வெடிப்புகளில் ஏறியது. அழுத்தம் குறைந்த இடத்திலும், பாறையின் இரும்பு கந்தகத்தைப் பிடுங்கிக்கொண்ட இடத்திலும் தங்கத்தை விட்டுவிட்டது. அதே நீரில் மோனசைட் என்ற கனிமமும் கண்ணுக்குத் தெரியாத மணிகளாக விளைந்தது. மோனசைட் பிறக்கும்போது யுரேனியத்தையும் தோரியத்தையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும், காரீயத்தை அநேகமாகச் சேர்க்காது. பிறகு அதில் காணும் காரீயம் அநேகமாக முழுவதும் அவை சிதைந்து வந்ததுதான். வயதுக் கணக்கு முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது.

ராய்ச்சூர் மாவட்டத்தில் இன்றும் இயங்கும் ஹட்டி சுரங்கத்தின் மோனசைட் சொன்ன வயது 254 கோடியே 70 லட்சம் ஆண்டு. பிழை, முன்பின் 1 கோடி. ஒரு கோடி ஆண்டு பெரிதாகத் தோன்றும், ஆனால் மொத்தத்தில் அது 0.4 சதவீதம்தான். கதக் தங்கப் பகுதியில் கிடைத்த விடை சுமார் 252 கோடி. கோலார், ஹட்டி, கதக் மூன்றும் தார்வார் என்ற ஒரே பழைய நிலப்பாளத்தில் இருக்கின்றன.

இந்த விடையைச் சரிபார்க்க மணிக்குள்ளேயே இரண்டு கடிகாரங்கள் உண்டு. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 446.8 கோடி ஆண்டு ஆகும். ஹட்டியின் வயதில் 100 பங்கில் 67 மிஞ்சியிருக்கும். யுரேனியம் 235க்கு அரை ஆயுள் 70.4 கோடிதான், 100இல் 8 பங்கே மிஞ்சும். வேகமும் மெதுவும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். முரண்பட்டால் பெரும்பாலும் இடையில் காரீயம் கசிந்திருக்கிறது என்று பொருள். சாட்சி சொல்லும் மணி தங்கத்தை விட்டுச்சென்ற அதே நீரில்தான் விளைந்ததா என்பதையும் முதலில் உறுதிசெய்ய வேண்டும். வேறொரு வெப்பத்தில் பின்னால் முளைத்த மணியை எடுத்தால், எண் துல்லியமாக வரும், வயது தவறாக வரும். ஆய்வின் கடினமான பகுதி இதுதான் என்பேன்.

பூமிக்கு 454 கோடி வயது. அது 200 கோடியைத் தொட்ட காலத்தில் படிந்தது ஹட்டித் தங்கம். கோலார் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. காஞ்சி ஜரிகையில் முன்பு வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 இருந்தது. அந்த அளவில் ஒரு மார்க்குக்கு 1.45 கிராம் தங்கம்; இன்று கால் கிராம் குறைவு. அடுத்த முறை பட்டுச்சேலை எடுக்கும்போது ஜரிகையில் தங்கம் எத்தனை சதவீதம் என்று கடையில் கேளுங்கள்.